சூடும் காய்ச்சலும்: கம்பு, உளுந்து முளைப்புச் சோதனைக் குறிப்புகள்

சான்று விதை மூட்டையில் தைத்திருக்கும் விவர அட்டையில் முளைப்புத் திறன் என்று ஓர் எண் இருக்கும். கம்புக்கும் உளுந்துக்கும் அது 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி, நெல்லுக்கு 80. ஆய்வகத்தில் ஈரத்துக்குக் குறைவே இல்லாத தாளிலோ மணலிலோ பரப்பி, விதைக்கு ஒத்துவரும் சூட்டில் வைத்து, கம்பு, உளுந்தானால் ஏழாம் நாள் எண்ணி எழுதுவது அது. பொய்யில்லை. ஆனால் திருநெல்வேலிச் சமவெளியில் மானூர்ப் பக்கத்துக் கரிசலில் புரட்டாசி மாதம் விழுகிற விதைக்கு அந்த இரண்டு வசதியும் கிடையாது. மேல்மண் கொதிக்கும். மழை வந்தாலும் வரும். பேருக்குத் தூறிவிட்டு ஓடினாலும் ஓடும்.

எங்களுக்கு அங்கே கொஞ்சம் மானாவாரிக் காடு இருக்கிறது. ஒரு பக்கம் கரிசல், ஓடையைத் தாண்டினால் செவல். ஒரே மூட்டையைப் பிரித்து இரண்டிலும் விதைத்தால், ஒரே மழைக்குச் செவலில் கம்பு வரிசை தெரியும். கரிசலில் ஒன்றும் இருக்காது. இன்னொரு வருசம் அப்படியே மாறிவிடும்: செவலில் முளைத்ததெல்லாம் கருகிப்போய், கரிசல் மட்டும் தேறும். பக்கத்துக் காட்டு அண்ணாச்சியிடம் சொன்னால், "முளைக்கலன்னா விதைக்காரனத்தான் ஏசுதோம். மண்ணு அதுக்கு என்ன குடுத்துதுன்னு யாரு தம்பி பாக்கா?" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று தொடங்கியதுதான் இது. சூட்டைத் தனியாக, காய்ச்சலை, அதாவது தண்ணீர்த் தட்டுப்பாட்டைத் தனியாக, அப்புறம் இரண்டையும் சேர்த்து.

பெட்டி

மீன் கடைக்கு ஐஸ் போட்டு வருகிற தெர்மோகோல் பெட்டிகள் மூன்று வாங்கினேன். சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தாலும் வாடை போக நாளாகும். அதுவரை பூனைக்குக் காவல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு 40 வாட் குண்டு பல்பு, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்காக விற்கிற டிஜிட்டல் தெர்மோஸ்டாட், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன். அந்த ஃபேனை வேண்டாத செலவு என்று நினைக்காதீர்கள். அது சுற்றாவிட்டால் பெட்டிக்கு மேலே ஒரு சூடு, அடியில் ஒரு சூடு. பல்பை ஒரு பிஸ்கட் டின்னால் மறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பல்பைப் பார்த்து இருக்கும் டப்பா மட்டும் தனியாகச் சூடேறும்.

தெர்மோஸ்டாட் திரையில் தெரிகிற எண் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூடு. விதைக்கு என்ன சூடு என்பது வேறு. அதனால் ஒரு தெர்மாமீட்டரை விதை டப்பாவுக்குள்ளேயே ஈரத்தாளில் செருகி வைத்தேன். நம்ப வேண்டியது அதைத்தான்.

பெட்டிகளை 30, 35, 40 டிகிரியில் நிறுத்தினேன். இதில் கஷ்டமானது 30தான். மத்தியானத்தில் வீடே அதைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பெட்டியை மட்டும் பின்கட்டுத் தரையில் வைத்து, சுற்றி நனைத்த சாக்கைப் போட்டுத்தான் சமாளிக்க முடிந்தது. அதற்குக் கீழே நான் போகவில்லை. விதை முளைப்பு பற்றி வெளிநாடுகளில் எழுதுவதில் பெரும்பகுதி குளிரைப் பற்றியது: மண் எப்போது சூடாகும், எப்போது விதைக்கலாம் என்று காத்திருக்கிறவர்கள் அவர்கள். திருநெல்வேலிச் சமவெளியில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்குத் தெரிய வேண்டியது மேல் எல்லை.

விதை, வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்கிய வம்பன் 8 உளுந்தும் கோ 10 கம்பும். ஆய்வகத்தில் 400 விதை எடுத்து நூறு நூறாக நான்கு பங்கு வைப்பார்கள். வீட்டில் டப்பாவுக்கு 50 கம்பு, 25 உளுந்து போதும். ஆனால் எதையும் இரட்டையாக வையுங்கள். ஒரு டப்பாவில் மட்டும் பூஞ்சணம் பிடித்தால், அது சூட்டால் வந்ததா, நம் கை அழுக்கால் வந்ததா என்று அப்போதுதான் தெரியும். முளைவேர் 2 மில்லிமீட்டர் வெளியே வந்தால்தான் முளைத்ததாகக் கணக்கு. ஊதியிருப்பதெல்லாம் முளைப்பு ஆகாது. செத்த விதையும் தண்ணீரில் போட்டால் ஊதத்தான் செய்யும்.

காய்ச்சலைக் கரைசலில் கொண்டுவருவது

குறைவாகத் தண்ணீர் தெளித்தால் அது தட்டுப்பாடுதானே என்று தோன்றும். அப்படிச் செய்தால் டப்பாவில் ஒரு ஓரம் ஈரமாக இருக்கும், ஒரு ஓரம் காய்ந்திருக்கும். மணிக்கு மணி மாறும். ஆய்வுக்கூடங்களில் பாலிஎத்திலின் கிளைக்கால் 6000 என்ற வெள்ளைத் தூளைக் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். சுருக்கமாகப் பெக். அதன் மூலக்கூறு பெரியது, விதைக்குள் நுழையாது. வெளியே நின்றுகொண்டே தண்ணீரைப் பிடித்துவைக்கும். டப்பாவில் தண்ணீர் தளும்ப இருந்தாலும், விதைக்கு அது காய்ந்த மண் போலத்தான். டவுனில் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

மண்ணும் விதையும் தண்ணீருக்காகக் கயிறு இழுக்கிற மாதிரி நினைத்துக்கொண்டால் மீதி விஷயம் எளிது. மண் எவ்வளவு பலத்தில் பிடித்திருக்கிறது என்பதை பார் என்ற அலகில் சொல்கிறார்கள். சுத்தமான தண்ணீர் 0. மழை பெய்து வடிந்த மண் ஒரு பாருக்கும் குறைவு. 15 பாரை எட்டினால் பெரும்பாலான பயிர் வாடி நிமிராது. பாடப்புத்தகத்தில் நீரியல் திறன் என்று கழித்தல் குறி போட்டு எழுதுவார்கள். நான் குறியை விட்டுவிட்டு வெறும் பலமாகவே எழுதுகிறேன்.

எவ்வளவு பெக் போட்டால் எத்தனை பார் என்பதற்கு 1973-இல் மிச்செலும் காஃப்மனும் கொடுத்த சமன்பாடு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி 30 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீருக்கு 200 கிராம் போட்டால் சுமார் 4.5 பார், 300 கிராம் போட்டால் 9.5. இதில் ஒரு பொறி இருக்கிறது. அதே 200 கிராம் கரைசலை 40 டிகிரிப் பெட்டியில் வைத்தால் பலம் 3.6 பாருக்கு இறங்கிவிடும். 300 கிராம் கரைசல் 7.9-க்கு வந்துவிடும். ஒரே கரைசலை எல்லாப் பெட்டிக்கும் ஊற்றினால், சூட்டுப் பெட்டி விதைக்கு நாமே சலுகை காட்டியதாக ஆகும். அதனால் 40 டிகிரிக்குத் தனியாக 225 கிராமும் 330 கிராமும் போட்டுக் கரைத்தேன். 35-க்கு இடைப்பட்ட அளவு.

கரைப்பதற்குப் பொறுமை வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் அடியில் கட்டி கட்டியாக நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி, ராத்திரி முழுக்க மூடி வைத்தால் காலையில் தெளிவாக, பாகு மாதிரி கையில் பிசுபிசுக்கும். தாளை நனைக்க மட்டும் ஊற்றாமல் தாள் மிதக்க ஊற்ற வேண்டும். தாள் தண்ணீரைத்தான் முதலில் உறிஞ்சும், பெக்கை வெளியே விட்டுவிடும். கரைசல் கொஞ்சமாக இருந்தால் அது நாம் நினைத்ததைவிடக் கெட்டியாகிவிடும். டப்பா மூடியும் இறுக்கமாக இருக்க வேண்டும். 40 டிகிரியில் தண்ணீர் ஆவியானால் நாளுக்கு நாள் பலம் ஏறிக்கொண்டே போகும். தினமும் ஒருமுறை திறந்து எண்ணும்போது உள்ளே போகிற காற்று போதும்.

பெக் கிடைக்காதவர்கள் கல்லுப்பை வைத்துச் செய்யலாமா என்று கேட்பார்கள். லிட்டருக்கு 6 கிராம் உப்பு ஏறக்குறைய 5 பார் வரும். ஆனால் உப்பு விதைக்குள் நுழையும். முளைக்காமல் போனால், தண்ணீர் கிடைக்காததாலா, உப்பு நஞ்சானதாலா என்று பிரிக்க முடியாது. ராதாபுரம், உடன்குடி மாதிரி கிணறு உப்பாகிவிட்ட ஊர்க்காரர்களுக்கு அந்தச் சோதனை உபயோகப்படும். அது வேறு கேள்வி.

பார்த்தது

சுத்தத் தண்ணீரில் கம்புக்கு மூன்று பெட்டியும் பெரிய வித்தியாசமில்லை. 35 டிகிரியில்தான் மற்ற இரண்டையும் முந்தியது. வைத்த மறுநாளே பெரும்பாலானது வேர் விட்டிருந்தது. 40-இலும் முளைத்தது, ஆனால் வேர் குட்டையாக இருந்தது. இது புதிதில்லை. 1982-இல் வெளிவந்த கம்பு பற்றிய ஓர் ஆய்வு இதை அழகாக வரைந்து காட்டியது: 10 - 12 டிகிரிக்குக் கீழே முளைப்பே இல்லை, அங்கிருந்து சூடு ஏற ஏற வேகம் நேர்கோட்டில் ஏறும், 33 டிகிரியை ஒட்டி உச்சம், அதற்கு மேல் சரசரவென்று இறங்கி 45 - 47-இல் நின்றுவிடும். ஏறுகிற பக்கம் நீளம், இறங்குகிற பக்கம் செங்குத்து. நம் ஊர் மண் பாதி நாள் அந்தச் செங்குத்துப் பக்கத்தில்தான் இருக்கிறது.

உளுந்து 30-இல் சந்தோஷமாக இருந்தது. 35-இல் பரவாயில்லை. 40-இல் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை; ஆனால் வேர்நுனி பழுப்பேறி, டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை. சூடு ஏறினால் விதை மூச்சு வாங்குவது கூடும். அதே சூட்டில் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். பெரிய விதைக்கு இது இரட்டை நெருக்கடி.

30 டிகிரியில் 4.5 பார் கரைசலில் கம்பு தாமதமாக முளைத்தது, அவ்வளவுதான். எண்ணிக்கை பெரிதாக விழவில்லை. 9.5 பாரிலும் கொஞ்சம் தேறியது. உளுந்து 4.5 பாரிலேயே திணறியது, 9.5-இல் அங்கொன்று இங்கொன்று. காரணம் சமையலறையிலேயே இருக்கிறது. ராத்திரி ஊறப்போட்ட உளுந்து காலையில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தானிய விதை தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரம் ஏறினாலே முளைக்கத் துணியும். பயறு வகைக்கு அது போதாது.

இதுவரை எதிர்பார்த்ததுதான். எனக்கு ஆச்சரியம் தந்தது 40 டிகிரியும் 4.5 பாரும் சேர்ந்த டப்பா. கம்பு 40-ஐத் தனியாகத் தாங்கியது, 4.5 பாரையும் தனியாகத் தாங்கியது. இரண்டும் சேர்ந்தபோது பாதிகூடத் தேறவில்லை. உளுந்தில் விரல்விட்டு எண்ணலாம். 40-இல் 9.5 பார் டப்பாக்கள் இரண்டும் கடைசிவரை அப்படியே கிடந்தன.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1986-இல் கம்மர்சன் என்பவர் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வகை விதையை வைத்து எழுதியது; பிறகு கலிபோர்னியாவில் கென்ட் பிராட்ஃபோர்டு அதை விரிவாக்கினார். ஒரு விதை அதிகபட்சம் 10 பார் பலத்தில் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். சுத்தத் தண்ணீரில் அந்த 10-உம் மிச்சம். ஒரு நாளில் முளைக்கிறது. மண் 5 பாரில் பிடித்தால் மிச்சம் 5, அதனால் இரண்டு நாள். 7.5 பாரில் பிடித்தால் மிச்சம் 2.5, நாலு நாள். 10 பாரில் பிடித்தால் முளைக்கவே முளைக்காது. உகந்த சூட்டுக்குள் இருக்கும்வரை இந்தக் கணக்கு ஓடும். சூடு அதைத் தாண்டினால் விதையின் சொந்த பலமே 8, 6, 4 என்று சுருங்க ஆரம்பிக்கிறது. சுத்தத் தண்ணீரில் அந்தச் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் எதிர்ப்பக்கம் யாரும் இழுக்கவில்லை. மண் கொஞ்சம் இழுத்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். வெயிலை ஒரு கேடாகவும் வறட்சியை இன்னொரு கேடாகவும் தனித்தனியே எழுதி வைத்திருந்த என் நோட்டில், அதற்கப்புறம் இரண்டுக்கும் ஒரே பக்கம்தான்.

மண்ணில்

கரைசலில் பார்த்ததை மண்ணில் பார்க்காமல் விட்டால் அண்ணாச்சி சிரிப்பார். அதனால் கரிசலும் செவலும் சம எடை எடுத்து, சம அளவு தண்ணீர் கலந்து, அதே விதைகளைப் போட்டேன்.

இதற்கு மண்ணை முதலில் சுத்தமாக உலர்த்த வேண்டும். வெயிலில் காய்ந்த கரிசல் காய்ந்தது மாதிரி தெரியும். உள்ளே எடைக்கு எடை நல்ல அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இரும்புச் சட்டியில் மெதுவாக வறுத்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஆவி படியாமல் இருந்தால், சமையலறைத் தராசில் இரண்டு தடவை நிறுத்தும் எடை மாறாமல் இருந்தால், அப்போதுதான் உலர்ந்தது. தண்ணீர் கலப்பது செவலில் சுலபம். கரிசலில் தண்ணீர் பட்ட இடம் உருண்டையாகும், அடுத்த இடம் தூசியாகவே இருக்கும். தெளித்துப் பிசறி, சல்லடையில் தேய்த்து, பாலித்தீன் பையில் கட்டி, ஈரம் பரவும்வரை விட்டுவைக்க வேண்டும்.

100 கிராம் மண்ணுக்கு 10 கிராம் தண்ணீர். செவலில் கம்பு தடங்கலில்லாமல் முளைத்தது. கரிசலில் அதே 10 கிராமுக்கு விதை ஊதக்கூட இல்லை. 15 கிராம் ஆக்கினேன். கையில் எடுத்தால் குளிர்ச்சி தெரிகிறது, நிறம் கறுத்திருக்கிறது, முளைப்பு மட்டும் இல்லை. 20 கிராமைத் தாண்டித்தான் கம்பு அசைந்தது. உளுந்துக்கு 25-ஐ ஒட்டி வர வேண்டியிருந்தது. செவலில் அவ்வளவு தண்ணீர் விட்டால் சேறு.

கரிசலின் களித்துகள் மிக நுண்ணியது. தண்ணீரை மெல்லிய படலமாகப் பிடித்துக்கொண்டு விடாது. நனைந்தபின் நாள்கணக்கில் பயிரைக் காப்பாற்றுவதும் அதே குணம்தான், நனையும்வரை விதைக்கு ஒன்றும் கொடுக்காததும் அதே குணம்தான். செவல் வந்ததை உடனே கொடுத்துவிடும், உடனே தீர்ந்தும் போகும். ஈரமானியில் வரும் சதவீதத்தை மட்டும் பார்த்து இரண்டு மண்ணையும் ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அண்ணாச்சி பதம் பார்ப்பது கைப்பிடியில்: "பிடிச்சா உருண்டு நிக்கணும், போட்டா உதிரணும். கையில ஒட்டிக்கிட்டா பொறு." என் தராசைவிட அது மோசமில்லை. பிடி நிற்பது களித்துகளைச் சுற்றியுள்ள நீரின் பலத்தைப் பொறுத்தது. அவர் கை அளப்பது சதவீதத்தை விட அந்த பலத்தைத்தான்.

மழையையும் பூவாளியில் கொண்டுவரலாம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தெளித்தால் 1 மில்லிமீட்டர் மழை. உழுது காய்ந்த நிலத்தில் சதுர மீட்டர் அளந்து கயிறு கட்டி, 10 லிட்டர் மெதுவாகத் தெளித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிப் பார்த்தேன். நனைந்த மண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் நடுவே கோடு போட்டது மாதிரி எல்லை தெரியும். செவலில் ஆறேழு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. கரிசலில் மூன்று, நான்கு.

மானாவாரியில் மழைக்கு முன்னால் புழுதியில் விதைப்பவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் என்று பரிந்துரைப்பது இதனால்தான். கரிசலில் அந்த ஆழத்தை 10 மில்லிமீட்டர் தூறல் தொடாது. விதை தூசியில் பத்திரமாகக் கிடக்கும். 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டினால்தான் விதைக்குப் போதுமான ஈரம் அங்கே போய்ச் சேரும். அவ்வளவு மழை பெய்தால் முளைத்ததைக் கொஞ்ச நாள் தாங்கவும் மண்ணில் ஈரம் இருக்கும். ஆழம் என்பது இங்கே ஒரு பூட்டு வேலை செய்கிறது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்து இந்தக் கரிசலோடுதான் மல்லுக்கட்டுகிறது. புழுதி விதைப்புக்கான கணக்குகள் அந்த மண்ணில் வெகுகாலம் பார்த்துப் பழகியவை.

ஆழத்தால் இன்னொரு லாபமும் உண்டு. மழை இல்லாத ஒரு புரட்டாசி மத்தியானம் குத்து தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தேன். கரிசலின் மேல்தோல் 50-ஐத் தாண்டியது. வெறுங்காலில் நிற்க முடியாது. 5 சென்டிமீட்டரில் அது முப்பதுகளின் பிற்பகுதிக்கு இறங்கியிருந்தது. மேலே 2 சென்டிமீட்டரில் கிடக்கிற விதைக்கு மத்தியானந்தோறும் என் 40 டிகிரிப் பெட்டிதான். மழை நின்று மறுநாள் கச்சான் காற்று அடித்தால் அதுவே 9.5 பார் டப்பாவும் ஆகிவிடும்.

முளைத்தபின் காய்ந்தால்

மழை முழுக்கவே பொய்த்தால் விதை மிஞ்சும். அதை மறுபடி எடுக்க முடியாது என்றாலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். பாதியில் நிற்கிற மழைதான் கொல்லும். எங்கே அந்தப் பாதி என்று பார்க்க ஒரு சோதனை செய்தேன். விதைகளை ஈரத்துணியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிழலில் உலர்த்தினேன்: ஊத ஆரம்பித்ததும் ஒரு பங்கு, நன்றாக ஊதியதும் ஒரு பங்கு, முளைவேர் எட்டிப் பார்த்ததும் ஒரு பங்கு, வேர் ஒரு சென்டிமீட்டர் ஆனதும் ஒரு பங்கு. நன்றாக உலர்ந்தபின் எல்லாவற்றையும் திரும்ப ஈரத்தில் போட்டேன்.

முதல் இரண்டு பங்கும் பழுதில்லை. சொல்லப்போனால், ஒருமுறை ஊதி உலர்ந்த கம்பு, புதுக் கம்பை முந்திக்கொண்டு முளைத்தது. உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்; விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மூன்றாம் பங்கில் சேதம் தெரிந்தது. நான்காம் பங்கு உளுந்து அப்படியே அழுகிவிட்டது. கம்பில் பழைய வேர் கருகினாலும் சிலது பக்கத்திலிருந்து புதுவேர் விட்டு நிமிர்ந்தது. தானிய வகைக்கு அந்தத் தெம்பு கொஞ்சம் உண்டு. பயறுக்கு இல்லை. காய்ந்து கிடந்து உயிர்பிழைக்கும் திறமை முளைவேர் வெளியே வந்ததும் விதையை விட்டுப் போய்விடுகிறது.

செவலில் ஒரு வருசம் முளைத்ததெல்லாம் கருகியதற்கு விடை இதில் இருக்கிறது. அந்த மண் சின்ன மழைக்கே விதையை வெளியே அழைத்துவிடும். அழைத்த கையோடு காய்ந்தும் போகும். போதாக்குறைக்கு மேல்மண் இறுகி ஓடு கட்டும். உளுந்து தன் பருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு மேலே வருகிற பயிர், அந்த ஓட்டில் கழுத்து முறிந்துவிடும்.

விதையைக் கடினப்படுத்துவது என்று வேளாண் துறை சொல்வதும் இந்த உலர்த்தல்தான். கம்புக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது 2 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம், அப்புறம் 5 மணி நேரம் நிழலில் உலர்த்தல். வெறும் தண்ணீரில் 16 மணி நேரம் போட்டால், நம் ஊர்ச் சூட்டில் கம்பு வேரே விட்டுவிடுமே என்று எனக்கு முதலில் சந்தேகம். பார் கணக்குப் போட்டதும் விளங்கியது. அந்தக் கரைசல் சுமார் 12 பார். விதை உள்ளே வேலையைத் தொடங்கலாம், வேரை மட்டும் வெளியே நீட்ட முடியாது. அளவு தெரிந்து கொடுத்த காய்ச்சல் அது. உளுந்தை அப்படி முக்கி வைக்காதீர்கள். வேகமாகத் தண்ணீர் ஏறினால் தோல் சுருங்கிப் பருப்பு பிளந்துவிடும். ஈரத்துணியில் சுற்றி மூன்று மணி நேரம் வைத்தால் போதும்.

இப்போது விதைக்கிற விதம்

கரிசலில் உளுந்தைப் புழுதியில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுவிட்டு மழைக்கு விட்டுவிடுகிறேன். செவலில் புழுதி விதைப்பே கிடையாது. அங்கே மழை பெய்தபின் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்து, ஒரு சாண் நனைந்திருந்தால் மட்டும் கம்பு, 3 சென்டிமீட்டரில், கடினப்படுத்திய விதையாக. அதைவிட ஆழம் போனால் கம்பின் சின்ன விதையில் மேலே ஏறிவரத் தெம்பு இருக்காது. மழைக்குப்பின் ஓடு கட்டுவதற்கு முன் முள்கலப்பையை லேசாக ஓட்டுகிறோம்.

பெட்டிகள் இன்னொரு வேலைக்கும் ஆகின. வீட்டில் எடுத்துவைத்த விதையும் கடை விதையும் 30 டிகிரியில் சுத்தத் தண்ணீரில் ஒன்றுபோல முளைக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 40 டிகிரியில் 225 கிராம் கரைசலில் போட்டால் இரண்டும் பிரிந்துவிடும். இரண்டு வருசம் டிரம்மில் கிடந்த உளுந்து அங்கே படுத்துவிட்டது. நல்ல தண்ணீரில் அதுவும் அட்டை எண்ணுக்கு மேலேதான் முளைத்திருந்தது. அந்த உளுந்தை விதைக்கு வைக்காமல் திருகையில் உடைத்துப் பருப்பாக்கிவிட்டோம்.